அமாவாசைக்கு ஒரு பாஸ்வேர்டு

சென்ற மாதம் விழுப்புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்த ராஜவேல் அங்கே கணக்கு மென்பொருள் வேலைகளைப் பார்க்கிறார். புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருளை எனக்குக் காட்டினார். அதற்குள் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் உரியவரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதையும் அடித்தால்தான் திறக்கும்.

"இனிமே ஒருத்தர் ஐடியில இன்னொருத்தர் உள்ள பூர முடியாது சார்," என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த மேசையில் ஒரு பெண் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினாள். "அக்கா, நம்பர் வந்துச்சா? சொல்லு. நாலு, ஏழு, ஏழு... மெதுவா சொல்லுக்கா, பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஆங், தொறந்துகிச்சி. நீ நிதானமா வா."

ராஜவேல் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

கணக்கர் சங்கத்தின் மாத இதழுக்கு இந்த விஷயம் குறித்து எழுதித் தரும்படி அவர் கேட்டார். யாருக்கு எதைப் பார்க்க அனுமதி கொடுக்கலாம், எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று வரிசையாகச் சொன்னால் இளையவர்களுக்குப் பயன்படும் என்றார். அந்த வரிசை மென்பொருளோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. என்னிடம் அதற்கு மேல் இருப்பது, அந்த வரிசையையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு திண்டிவனத்தில் நடந்த ஒரு விவகாரம்தான்.

கணக்கு வேலைக்கு வருமுன் மூன்று ஆண்டுகள் ஒரு நாளிதழின் திண்டிவனம் பகுதிச் செய்தியாளனாக இருந்தேன். அச்சாகும் செய்தியின் அளவைப் பார்த்துக் காசு கொடுப்பார்கள். "என்று கூறப்படுகிறது" என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் உதவி ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "யார் கூறினார்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். கல்யாணம் ஆனதும் அந்தக் காசு போதவில்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதம் கணினிக் கணக்கு கற்றுக்கொண்டு, மருந்து மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். இருபத்தாறு ஆண்டுகள் அங்கேயே இருந்தேன்.

தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். கோலியனூர் முதல் மேல்மலையனூர் வரை உள்ள மருந்துக் கடைகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் சரக்கு போகும். இந்த வியாபாரத்தில் ரகசியம் ஒன்றே ஒன்று. மருந்து அட்டையில் அச்சிட்ட விலை எல்லோருக்கும் தெரியும். நாங்கள் விற்கும் விலை கடைக்காரருக்குத் தெரியும். கம்பெனி எங்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறது, பத்துக்கு ஒன்று இலவசமா இரண்டு இலவசமா என்பது வெளியே போகக் கூடாது. போனால் போட்டியாளர் நமக்குக் கீழே விலை சொல்வார். கடைக்காரர் பழைய பில்லை எடுத்துவைத்துக்கொண்டு நியாயம் கேட்பார்.

முதலாளி அதிகம் பேசாதவர். மேசையில் கணினி இருந்தது, அதைத் தொட மாட்டார். அச்செடுத்த தாளைத்தான் படிப்பார். படிக்கும்போது வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்துவார். நாம் சொல்வது பிடிக்காவிட்டால் ஸ்கேலை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். அதன் பிறகு நாம் சொல்வதையெல்லாம் மிகவும் பொறுமையாகக் கேட்பார்.

இரண்டு இடங்களையும் ஒரே மென்பொருளில் இணைத்தபோது, யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் பதினேழு பேர். மேலே உரிமைகள்: பில் போடுவது, இருப்பு பார்ப்பது, கொள்முதல் பதிவது, கொள்முதல் விலை பார்ப்பது, பதிந்ததைத் திருத்துவது, பட்டியலைக் கோப்பாக எடுப்பது. பென்சிலால் டிக் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். ஸ்கேல் வரி வரியாக இறங்கிவந்து பாலகுருவின் பெயரில் நின்றது. பாலகுரு திண்டிவனம் கிளையின் மேனேஜர், முதலாளியின் மனைவிக்குத் தம்பி.

"இவருக்குக் கொள்முதல் விலை வேணாம்."

"மேனேஜருக்கே இல்லேன்னா எப்டிங்க? கேப்பாரு."

"கேக்கட்டும். வேணாம்."

ரப்பரால் அழித்தேன். காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் கொள்முதல் விலையைப் பார்க்கும் உரிமை ஒருவருக்குத்தான் கிடைத்தது, கொள்முதல் பதியும் பூங்கொடிக்கு. வல்லத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவர். மருந்துக் கொள்முதலில் பேட்ச் எண், காலாவதித் தேதி, இலவச எண்ணிக்கை என்று ஒரு வரிக்கு ஒன்பது இடம் நிரப்ப வேண்டும். அவர் பதிந்த பில்லில் நான் பிழை கண்டது பத்து ஆண்டுகளில் ஐந்தாறு முறை இருக்கலாம். கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். இரண்டு பெண் குழந்தைகள்.

ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட ஒரு படிவம் தயாரித்தேன். அதன் கடைசி வரியை நானே யோசித்து எழுதினேன்: "எனது ஐடியில் நடைபெறும் அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு." சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்துவிட்டதாக அப்போது எனக்குத் திருப்தி.

பூங்கொடி அதை இரண்டு தடவை படித்தார். "லீவு போட்டா என்னா சார் பண்றது? சரக்கு வந்து நிக்குமே."

"முன்னாடியே சொல்லும்மா. அந்த ஒரு நாளுக்கு வேற ஆளுக்கு ஐடி போட்டுத் தரேன்."

கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் அமாவாசை என்பது தனி நாள். மேல்மலையனூர் கோயிலுக்கு வண்டி வண்டியாக ஜனம் போகும். முதலாளி குடும்பத்துக்கு அங்காளம்மன் குலதெய்வம். அதனால் அமாவாசைக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்று யார் கேட்டாலும் தடை கிடையாது. அதற்கும் மேல் ஒரு வழக்கம் இருந்தது. சாமிக்குப் போனவர்கள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். லீவு என்று எழுதினால் சம்பளம் பிடிபடும். ஆகவே போய்வந்தவர்கள் மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் முந்தின நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. மாதக் கடைசியில் அந்தப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான்.

பூங்கொடி பெரும்பாலும் எல்லா அமாவாசைக்கும் போவார்.

ஓர் அமாவாசையன்று காலை பதினொரு மணிக்குத் திண்டிவனத்தில் எதிர்பாராமல் லாரி வந்துவிட்டது. சர்க்கரை நோய் மருந்து, ஊசி, இன்சுலின். ஐஸ் பெட்டியில் வந்த சரக்கு. கொள்முதல் பதியாமல் பில் போட முடியாது. பில் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. நான் விழுப்புரத்தில் இருந்தேன். ஒரு நாள் ஐடி போட வேண்டுமானால் இரண்டு ஊரிலும் எல்லோரும் மென்பொருளை விட்டு வெளியே வர வேண்டும். பில் போடும் நேரத்தில் அது அரை மணி வேலை. நான் பூங்கொடியின் கைபேசிக்குப் போன் செய்தேன். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

சிரித்தார். "நீங்களே கேக்கலாமா சார்?"

"ஜல்தியா சொல்லு. வண்டி நிக்குது."

சொன்னார். பில் போடும் சங்கரிடம் நான் சொன்னேன். அவர் பூங்கொடியின் ஐடியில் பதிந்தார். பன்னிரண்டரைக்கு வண்டி கிளம்பியது. மாலையில் நான் அந்த பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு அவர் கிளம்பும் முன்பே சங்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாதத்தில் ஒரு நாள் பூங்கொடியின் பெயரில் சங்கர் வேலை செய்வார். எனக்குத் தெரியும். வேலை நடந்தது, நான் பேசாமல் இருந்தேன்.

ஓராண்டு கழித்து, திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மருந்து மொத்தக் கடை திறந்தார்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலின் நகல் முதலாளி கைக்கு வந்தது. ஒவ்வொரு மருந்திலும் எங்கள் கொள்முதல் விலைக்குக் கொஞ்சம் மேலே, எங்கள் விற்பனை விலைக்குக் கொஞ்சம் கீழே. குத்துமதிப்பாக அப்படி வராது. எங்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட விலை அது.

யார் பட்டியலை எடுத்தது என்று பார்க்கச் சொன்னார். மென்பொருள் தன் குறிப்பேட்டில் ஐடியையும் நேரத்தையும் பதிந்துவைக்கும். பார்த்தேன். எல்லாக் கம்பெனிகளின் கொள்முதல் விலையும் இலவச விவரமும் ஒரே கோப்பாக எடுக்கப்பட்டிருந்தது. ஐடி பூங்கொடியுடையது. நேரம் காலை 11.40. நாள், அமாவாசை.

நாளைச் சொன்னேன். முதலாளியின் ஸ்கேல் நின்றது. மின்விசிறியைப் பார்த்தார். "திண்டிவனம் போங்க. பாலகுருவும் நீங்களும் விசாரிச்சி முடிங்க," என்றார்.

விசாரணை கிளையின் பின்கட்டில், குளுக்கோஸ் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நடந்தது. மூன்று நாற்காலிகள் இருந்தன. பூங்கொடியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பாலகுரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடும்மா. போலீசு கீலீசுன்னு போவ வேணாம்னு மாமா சொல்லிக்கிறாரு."

"என்னான்னு எழுதணும்?"

"தெரியாம பண்ணிட்டேன்னு."

"பண்ணாததை எப்டி சார் தெரியாம பண்றது?"

"வாய் நல்லா வருது. ஐடி உன்னுதுதான?"

"என்னுதுதான். அன்னிக்கு நான் மலையனூர்ல இருந்தேன்."

பாலகுரு வருகைப் பதிவேட்டைத் திறந்து திருப்பிவைத்தார். "இது யாரு கையெழுத்து? அங்க க்யூவுல நின்னுக்கினே இங்க வந்து போட்டியா? இல்ல, அங்காளம்மாவே வந்து போட்டுட்டுப் போனாளா?"

"மறுநாளு போட்டது. எல்லாரும் அப்டித்தான் போடறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? ரிஜிஸ்டர் சொல்லுது, கம்ப்யூட்டரு சொல்லுது. நீ கையெழுத்து போட்ட பாரமும் இருக்குது." என் படிவத்தை எடுத்து, கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். எனது ஐடியில் நடைபெறும் அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு.

மூன்று தாள்கள். ஒன்று நான் வடிவமைத்தது. ஒன்று நான் மாதாமாதம் சரிபார்த்தது. ஒன்று நான் அச்செடுத்துக் கொண்டுவந்தது. மூன்றும் சேர்ந்து, பூங்கொடி அன்று திண்டிவனத்தில் கணினி முன்னால் இருந்ததாகச் சொல்லின. அவர் வேறெங்கோ இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பூங்கொடி என்னை ஒருமுறை பார்த்தார். ஓராண்டுக்கு முன் அந்த பாஸ்வேர்டை முதலில் கேட்டது யார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான், "ரெண்டு நாள் டைம் குடுங்க. இன்னும் பாக்க வேண்டியது இருக்குது," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பூங்கொடி பின்னாலேயே வந்தார்.

"அன்னிக்கு சங்கரு கேக்கல சார். சங்கரும் வரல, அவனுக்குக் காய்ச்சல். மேனேஜரு போன் பண்ணாரு. நான் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். 'வேணு சாருக்குக் குடுக்கற, மேனேஜருக்குக் குடுக்க மாட்டியா'ன்னாரு. குடுத்துட்டேன்."

"இதை ஏம்மா உள்ள சொல்லல?"

"அவரு இல்லேன்னுவாரு. அப்பறம் மொதல்ல கேட்டது நீங்கன்னு வரும். உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் ஒண்ணும் ஆவப் போறதில்ல." பஸ் வந்தது. "வெளியில சொல்லிட்டாங்க சார். பக்கத்து மெடிக்கல்காரரு நேத்தே என்னை ஒரு மாதிரி பாத்தாரு. திருடின்னு பேரு வந்துட்டா இந்த ஊர்ல எவன் கணக்கு எழுத உக்கார வெப்பான்?"

மென்பொருளின் குறிப்பேட்டில் ஐடிதான் இருக்கும், மெஷின் பெயர் இருக்காது. ஆனால் தலைமை அலுவலகத்து சர்வரில், எந்த மெஷினிலிருந்து யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று வேறொரு பட்டியல் உண்டு. மென்பொருளுக்கு அதோடு சம்பந்தம் கிடையாது. மறுநாள் காலை அதைத் தேடி எடுத்தேன். அமாவாசை, 11.36 முதல் 11.52 வரை, திண்டிவனம், மேனேஜர் அறை மெஷின். பூங்கொடியின் மெஷின் அன்று முழுவதும் போடப்படவே இல்லை.

அச்செடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். நான் உள்ளே போனபோதே கடிகாரம் மேசையில் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் முதலில் பாஸ்வேர்டு கேட்டதிலிருந்து, பதிவேட்டு வழக்கம் வரை, மேனேஜர் அறை மெஷின் வரை. பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு அன்னிக்குத் திண்டிவனத்துலயே இல்லீங்க," என்று முடித்தேன்.

"தெரியும் வேணு. மலையனூர்ல நானே பாத்தேன். பொது வரிசையில நின்னுக்கினு இருந்துச்சி. என்னைப் பாக்கல."

"அப்பறம் ஏங்க என்னை விசாரிக்க அனுப்பினீங்க?"

"பாலகுருவே பயந்துக்கினு வந்து சொல்லிடுவான்னு நெனைச்சேன்." ஸ்கேலை எடுத்து மறுபடி வைத்தார். "எங்க மாமியா படுத்த படுக்கையா கெடக்கறாங்க. இப்ப இதைக் கெளப்பினா வீடு ரெண்டாப் போயிடும். அவனை நான் பாத்துக்கறேன். அந்தப் பொண்ணுக்கு மூணு மாசச் சம்பளம் குடுங்க. நல்லபடியா ஒரு சர்டிபிகேட் போடுங்க. ஐடிய எடுத்துடுங்க."

"அது எதுவும் பண்ணலீங்களே."

"அதனாலதான் மூணு மாசம் குடுக்கச் சொல்றேன்."

ஐடியை எடுப்பது பற்றி ஒரு குறிப்பு, இளையவர்களுக்கு. பதிவுகள் செய்த ஐடியை எங்கள் மென்பொருளில் அழிக்க முடியாது, முடக்கத்தான் முடியும். ஆள் போன பிறகும் பெயர் உள்ளேயே இருக்கும். பத்து ஆண்டுக் கொள்முதலிலும் அந்த அமாவாசைப் பட்டியலிலும் பூங்கொடியின் பெயர் அப்படியே இருந்தது. முடக்க மூன்று விநாடி ஆனது. முடக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சி பஸ்ஸில் ஏறி வல்லத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் அவருடைய அம்மா, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நீங்கதானா அந்த ஆபீசரு? பத்து வருசமா விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸு புடிச்சி ஓடினா எம்பொண்ணு. அவ புள்ளைங்களுக்கு நான்தான் தல வாரி உட்டேன். இப்ப பால் ஊத்தற எடத்துல கேக்கறாளுங்க, எவ்ளோ அடிச்சா உம்பொண்ணுன்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

"அம்மா, சும்மா இரு. உள்ள வாங்க சார்," என்றார் பூங்கொடி.

மூன்று மாதச் சம்பளக் காசோலையையும் சான்றிதழையும் கொடுத்தேன். நிறுவனத்தின் தாள், முதலாளியின் கையெழுத்து, முத்திரை. பத்து ஆண்டுகள் திறமையுடன் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர், சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார். படிவத்தைப் படித்தது போலவே இதையும் இரண்டு தடவை படித்தார்.

"இதுல நான் பண்ணலேன்னு எங்க சார் இருக்குது?"

"இல்லம்மா."

"சொந்தக் காரணம்னு போட்டா, கேக்கறவங்க என்னா காரணம்னு திண்டிவனத்துக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. யாரு போன் எடுப்பாங்க? மேனேஜரு எடுப்பாரு." காசோலையை வைத்துக்கொண்டு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். "இது உழைச்ச காசு, வாங்கிக்கறேன். இது எனக்கு வேணாம்."

குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாள் வாங்கினேன். எழுதினேன். எழுத அரை மணி நேரம் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு நேரம் ஆனதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். இன்ன அமாவாசையன்று இன்ன நேரத்தில் கொள்முதல் விலைப்பட்டியல் இவருடைய ஐடியில் எடுக்கப்பட்டது. அது மேனேஜர் அறை மெஷினிலிருந்து எடுக்கப்பட்டதை சர்வரில் நானே பார்த்தேன். அமாவாசையன்று கோயிலுக்குப் போகிறவர்கள் மறுநாள் வருகைக் கையெழுத்திடுவது நிறுவனத்தின் வழக்கம். அந்தப் பதிவேட்டைச் சரிபார்த்தவன் நான். ஒருவர் ஐடியை மற்றவர் பயன்படுத்துவது எனக்குத் தெரியும். அதைத் தொடங்கிவைத்தவனும் நான். கடைசியில், அன்று இவர் மேல்மலையனூரில் இருந்தார் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். யார் கூறினார் என்ற சிவப்பு எழுத்து கண்ணுக்குள் வந்தது. "நேரில் பார்த்ததாக நிறுவன உரிமையாளர் என்னிடம் கூறினார்" என்று சேர்த்தேன். பெயர், முகவரி, கையெழுத்து.

பூங்கொடி படித்தார். உரிமையாளர் பார்த்தார் என்ற வரிக்கு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். முழுவதும் படித்து முடித்தபின் தாளை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு விட்டுட்டீங்க சார்."

"என்னம்மா?"

"மேனேஜரு கேட்டதும் பாஸ்வேர்டு குடுத்தது நான். அதையும் எழுதுங்க."

"அது உனக்கே எதிரா நிக்கும்மா. படிக்கறவன் அதைத்தான் மொதல்ல பாப்பான்."

"பாக்கட்டும். அது இல்லேன்னா இதுவும் அந்த ரிஜிஸ்டரு மாதிரிதான் சார்."

எழுதினேன். அந்த வரிக்குக் கீழே அவர் தன் கையெழுத்தைப் போட்டார். அன்றைய தேதியையும் போட்டார்.

நகல் ஒன்றை திங்கட்கிழமை முதலாளியிடம் நானே கொடுத்தேன். பிறர் மூலம் தெரிவதை நான் விரும்பவில்லை. ஸ்கேலை வைத்துப் படித்தார். அது கடைசி வரிகளில் ஒன்றில் நின்றது.

"இதை எழுதியிருக்க வேணாம்."

"நீங்க சொன்னதுதாங்க."

"உங்ககிட்ட சொன்னேன்." மின்விசிறியைப் பார்த்தார். "ரிட்டயர் ஆவ இன்னும் எத்தினி மாசம் இருக்குது?"

"பதினாலு."

"லீவு எவ்ளோ சேந்துருக்குது?"

"நாலு மாசம்."

"எடுத்துக்கங்க. அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் என்பது வரவில்லை. பத்து மாதச் சம்பளம் போயிற்று. வீட்டில் மனைவி ஒரு வாரம் பேசவில்லை, பிறகு, "அந்தப் பொண்ணுக்கு வேலை கெடைச்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

கிடைக்கவில்லை. முதலில் திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. தாளைப் படித்துவிட்டு, இதெல்லாம் வம்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து ஒரு துணிக்கடை. அந்த முதலாளி பாலகுருவுக்குத் தெரிந்தவர். பூங்கொடி ஒவ்வொரு இடத்துக்கும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் போனார். வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாமே என்று நான் ஒருமுறை போனில் சொன்னேன். "அப்டி உள்ள போயி, பின்னாடி தெரிஞ்சா நெஜமாவே திருடி ஆயிடுவேன் சார்," என்றார்.

ஐந்தாவது மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. செஞ்சி ரோட்டில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் நயினார் பேசினார்; அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை அப்படித்தான் அழைப்பார்கள். வயதானவர் என்பது குரலில் தெரிந்தது.

"இந்தக் கடுதாசி நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாங்க."

"எல்லாம் உண்மைங்களா?"

"உண்மைங்க."

"பாஸ்வேர்டு குடுத்தேன்னு ஒரு வரி இருக்குது. அதை நீங்களா எழுதினீங்களா?"

"இல்லீங்க. நான் வேணாம்னு சொன்னேன். அந்தப் பொண்ணுதான் எழுதச் சொல்லிக் கையெழுத்து போட்டுது."

எதிர்முனையில் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. யாரையோ, "வலப்பக்கம் ஒடி, வலப்பக்கம்," என்று அதட்டினார். பிறகு என்னிடம், "திங்கக்கெழமை வரச் சொல்லிடறேங்க," என்று வைத்துவிட்டார்.

பூங்கொடி அங்கே சேர்ந்து இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சேர்ந்த இரண்டாவது வாரம் பேசினார். சம்பளம் முன்பைவிடக் குறைவு, பஸ் தூரம் குறைவு என்றார். அந்த மண்டியில் ஒரே ஒரு கணினி. அதில் ஒரே ஐடி. அதையே நாலு பேர் பயன்படுத்தினார்கள். மல்லாட்டை எந்த விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது.

"தனித்தனி ஐடிக்கு மென்பொருள்காரனைக் கூப்பிடச் சொல்லேன்," என்றேன்.

"சொல்லிட்டேன். சீசன் முடியட்டும்னாரு சார். அதுவரைக்கும் ஒரு நோட்டு போட்டுக்கறேன். மெஷின்ல யாரு உக்காந்தாலும் பேரு, நேரம், இன்னாத்துக்கு உக்காந்தாங்க, கையெழுத்து. உக்காரும்போதே போடணும். மறுநாளு போடக் கூடாது."

"போடறாங்களா?"

"மொதல்ல சிரிச்சாங்க. எனக்கு சந்தேகம் புடிச்ச கெராக்கின்னு பேரு வெச்சாங்க. நேத்து நயினாரு வந்து, மெஷினைத் தொறந்து வெல பாக்கணும்னாரு. நோட்டை எடுத்து முன்னாடி வெச்சேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல சார். பேனா கேட்டாரு."